எப்சிபா சோவர்பி: ஒரு பெயருக்காக மூன்று வாரம்

வணக்கம். மூன்று வாரமாக ஏன் வீடியோ வரவில்லை என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே ஒரு பெயருக்காகத்தான். இங்கிலாந்தில் நடக்கிற மாதிரி நான் உருவாக்கும் திகில் வீடியோ கேமில், இடுப்பில் சாவிக்கொத்தோடு மாடிப்படியில் நிற்பாளே அந்த ஹவுஸ்கீப்பர், அவளுக்கு இன்று காலை பெயர் கிடைத்துவிட்டது! போன வீடியோ வரை அவளைப் ‘படிக்கட்டு அம்மா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயரைச் சொல்வதற்கு முன்னால் 1,179 ரூபாய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. திகில் பாத்திரங்களுக்கு ஏற்ற ஐந்நூறு ஆங்கிலப் பெயர்கள் என்று ஓர் இணையதளத்தில் விற்றார்கள். விலை 999 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி வந்து ஒட்டிக்கொண்டது. வரி கட்ட எனக்கு வருத்தமில்லை. அதை முதல் பக்கத்திலேயே சொன்னால் என்ன? சரி, பெயர்களாவது தேறுமா என்று திறந்தேன். ரேவன் பிளாக்வுட், டேமியன் பிளட்ஸ்டோன், லூனா நைட்ஷேட். எங்கே பார்த்தாலும் காகம், இரத்தம், இருட்டு. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலிருந்தே சர்ச்சுகளில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிவருகிறார்கள். எந்தப் பாதிரியார் ஒரு பச்சைக் குழந்தையை லூனா நைட்ஷேட் என்று எழுதியிருப்பார்? இதெல்லாம் முகமூடி, பெயரே இல்லை.

அதைவிட எரிச்சல், 1790க்கான பெண் பெயர்களில் ‘வெண்டி’ இருந்ததுதான். 1904இல் பீட்டர் பேன் நாடகம் மேடையேறிய பிறகுதான் அந்தப் பெயர் பரவியது. நாங்குநேரியில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு தர்ஷினி என்றொரு பாட்டி இருந்தாள் என்று யாராவது கதை எழுதினால் நாம் விடுவோமா? பேச்சியம்மாள் என்றால் ஊரும் காலமும் தாமாக வந்து நிற்கும். ஆங்கிலப் பெயரும் அப்படித்தான்.

ஆண்டைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் வீடியோவில் 1790 என்றேன் அல்லவா? கதையை 1843க்கு நகர்த்திவிட்டேன். ஊர் மாறவில்லை, வட யார்க்‌ஷயர் கடற்கரைதான். பக்கத்து ஊர் விட்பி. 199 படிகள் ஏறினால் செயின்ட் மேரி சர்ச், அதைச் சுற்றிக் கடல் காற்றில் அரித்துப்போன கல்லறைகள். 1890இல் டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அங்கே தங்கியிருந்தபோது கல்லறைக் கற்களிலிருந்து பெயர்களைக் குறித்துக்கொண்டார். அந்த நாவலில் வரும் ஸ்வேல்ஸ் என்ற கிழவரின் பெயர் அந்த ஊர்க் கற்களில் இருந்ததுதான். இன்னொன்றும் கேளுங்கள். நாவலில் இரத்தம் குடிக்கும் பிரபுவுக்கு அவர் முதலில் வைத்திருந்த பெயர் ‘வாம்பயர் பிரபு’! விட்பி நூலகத்தில் எடுத்த ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்த பிறகுதான் மாற்றினார். பேய்க்குப் பேய் என்றே பெயர் வைப்பது எவ்வளவு மட்டமான வேலை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிளட்போர்ன் விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் ஃபாதர் கேஸ்காயின். அது உண்மையான ஆங்கிலக் குடும்பப்பெயர். பிரான்சின் கேஸ்கனி பகுதியிலிருந்து வந்தவர் என்று பொருள். விளையாட்டிலும் அவர் வெளியூரிலிருந்து வந்தவர்தான். பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. அதைத்தான் நானும் தேடினேன்.

குடும்பப்பெயரில்தான் இரண்டு வாரம் போயிற்று. முதலில் ‘பிரெய்த்வெயிட்’ வைத்தேன். அகன்ற வெட்டவெளி என்று பொருள். வைக்கிங்குகள் விட்டுச்சென்ற சொல். வட இங்கிலாந்துக்கு அச்சாகப் பொருந்தும். குரல் பதிவுகூட முடித்துவிட்டேன். விளையாடிப் பார்த்த தம்பி, அவள் பெயரைக் கேட்டதுமே, “அண்ணே, 2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டம்!” என்று கத்தினான். ஈடன் கார்டனில் கடைசி ஓவர், நான்கு பந்தில் நான்கு சிக்ஸர். அந்த வீரர் பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இருட்டு மாடியில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறவளைப் பார்த்து நம்மவர்களுக்கு கார்லோஸ் பிராத்வெயிட் நினைவுக்கு வந்தால் பயம் எங்கே வரும்? அவன் சொன்னது நியாயம். நாற்பத்திரண்டு ஒலிக் கோப்புகளையும் அழித்தேன்.

பிறகு கிடைத்ததுதான் ‘சோவர்பி’. யார்க்‌ஷயரில் அந்தப் பெயரில் ஊரே உண்டு. சேற்று நிலத்துப் பண்ணை என்பது பொருள். என் கதையில் அந்த வீடு சதுப்பில் அல்லவா புதைந்துகொண்டிருக்கிறது! படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

முதற்பெயர் எப்சிபா. ‘என் பிரியம் அவள்மேல்’ என்று பொருள்படும் எபிரேயச் சொல். ஏசாயா 62ஆம் அதிகாரத்தில் “நீ எப்சிபா என்றும், உன் தேசம் பியூலா என்றும்” வருமே, அதுதான். திருநெல்வேலிப் பக்கம் வகுப்புக்கு ஒரு பியூலாவாவது இருப்பாள். ஹெப்சிபாவும் நமக்குப் புதிதல்ல. வேதத்திலிருந்து பெயர் எடுப்பது அந்தக் காலத்து இங்கிலாந்திலும் வழக்கம். இறந்துபோன எஜமானியின் அறையைத் தினமும் பெருக்கி விளக்கேற்றுகிறவளுக்கு இந்தப் பொருள்! எனக்கு உடல் சிலிர்த்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் அவளை எப்சிபா என்று கூப்பிட மாட்டார்கள், ‘மிஸஸ் சோவர்பி’தான். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் ஹவுஸ்கீப்பருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும் மரியாதைக்காக மிஸஸ் சேர்ப்பார்கள். விளையாடுகிறவர்கள் முதல் இரண்டு அத்தியாயமும் அவள் கணவனைத் தேடுவார்கள். அவன் இல்லவே இல்லை. அவளுடைய முதற்பெயரை ஒரே ஒரு முறை, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிடும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எஜமானரை ‘சர் ராவன்ஸ்கிராஃப்ட்’ என்று எழுதியிருந்தேன், அது என் பிழை. சர் என்பது முதற்பெயரோடுதான் ஒட்டும். இனி அவர் சர் எட்மண்ட். பட்டியலை விற்றவர்களும் ஐந்நூறில் முப்பது இடத்திலாவது இதே பிழையைச் செய்திருக்கிறார்கள், அதுவும் 1,179 ரூபாய் வாங்கிக்கொண்டு!

மாடி ஜன்னலில் தெரியும் சிறுமிக்கு இன்னும் பெயர் இல்லை. ஆன் என்று வைக்கலாமா, மேரி என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அந்தக் காலத்தில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயர்கள். இருட்டில் ஒருவர் “ஆன்” என்று மெல்லக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், கேளுங்கள். இரண்டையும் இன்று இரவு பதிவு செய்து அடுத்த வீடியோவில் போடுகிறேன்.