ஒரே வீட்டில் இரண்டு மருந்து டப்பா: சென்னை ஏன் நாட்டு மருந்தை விடவில்லை?

(திரையில் இரண்டு எண்கள்: 53, 46)

வணக்கம். முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2022 ஜூலையிலிருந்து 2023 ஜூன் வரை நாடு முழுக்க 1,81,298 குடும்பங்களில் நடந்தது. கடந்த ஒரு வருஷத்தில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி போன்ற ஆயுஷ் முறைகளில் ஏதாவது ஒன்றை நோய்க்காகவோ, நோய் வராமல் இருக்கவோ பயன்படுத்தினீர்களா என்று கேட்டார்கள். கிராமத்தில் சுமார் 46 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். நகரத்திலோ சுமார் 53 சதவீதம்.

மூலிகை என்றாலே கிராமம், பாட்டி, தோட்டம் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் தலைகீழாகத்தான் தெரியும். தெருவுக்கு மூன்று மருந்துக் கடை, கூப்பிடு தூரத்தில் ஸ்கேன் சென்டர் என்று இருக்கும் ஊரில் எதற்காக இத்தனை பேர் கஷாயம் குடிக்கிறார்கள்?

பதிலுக்குப் போகும் முன் இன்னொரு எண். 2014-இல் இதே அமைப்பு நடத்திய உடல்நலக் கணக்கெடுப்பில் கேள்வி வேறு மாதிரி இருந்தது: உடம்பு சரியில்லாமல் போனபோது எந்த முறையில் சிகிச்சை எடுத்தீர்கள்? சுமார் 90 சதவீதம் அலோபதி. ஆயுஷ் உட்பட மற்ற எல்லாம் சேர்ந்து 5 முதல் 7 சதவீதம்தான்.

இடையில் எட்டு ஒன்பது வருஷமும் ஒரு கொரோனாவும் இருப்பது உண்மை. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் கேள்விதான் என்று நினைக்கிறேன். காய்ச்சல் நூற்றி மூன்று தாண்டினால் சென்னைக்காரர் எங்கே ஓடுவார் என்பது ஒரு கேள்வி. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகு, அல்லது பக்கத்து வீட்டுக்கு வந்து தன் வீட்டுக்கு இன்னும் வராதபோது என்ன செய்வார் என்பது வேறு கேள்வி. பெரும்பாலானவர்கள் இங்கிலீஷ் மருந்தை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்கு வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது, எங்கே கோளாறாகிறது என்பதுதான் இந்த வீடியோ.

(திரையில்: நாட்டு மருந்துக் கடை. கூரை வரை அடுக்கிய டப்பாக்கள், தராசு, பழைய செய்தித்தாள்)

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் போனால் ராசப்பா செட்டி தெரு. இந்தக் கடைகளில் அரை மணி நேரம் நின்றால் போதும், யார் எதற்கு வருகிறார்கள் என்று புரிந்துவிடும். ஒருவர் கண்டதிப்பிலி, சித்தரத்தை கேட்பார். சளிக்கு. இன்னொருவர் கையில் மொபைல். மறுமுனையில் ஊரிலிருந்து அம்மா. "வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய்" என்று அவர் சொல்லச் சொல்ல இவர் கடைக்காரரிடம் ஒப்பிப்பார். வீட்டில் பிறந்த குழந்தைக்கு உரை மருந்து. பிரசவ லேகியம், அங்காயப் பொடி, தீபாவளி வந்தால் தீபாவளி லேகியம். பிரசவம் நடந்தது தனியார் மருத்துவமனையில், பெரும்பாலும் சிசேரியன். லேகியம் மட்டும் பாட்டி காலத்துச் செய்முறை. யாருக்கும் இதில் முரண்பாடு தெரிவதில்லை.

இதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கடந்த இருபது வருஷத்தில் நாட்டு மருந்து நகரத்துக்குள் பெரிதாக நுழைந்த நேரங்களை வரிசையாகப் பாருங்கள். 2006-இல் சிக்குன்குனியா. 2012-இல் டெங்கு. 2020-இல் கொரோனா.

மூன்றுமே வைரஸ். மூன்று முறையும் மருத்துவர் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இதற்கென்று தனி மருந்து இல்லை, பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஓய்வெடுங்கள். மருத்துவப்படி சரியான பதில். ஆனால் வீட்டில் ஒருவர் முனகிக்கொண்டு கிடக்கும்போது, "காத்திருங்கள்" என்ற பதிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடிவதில்லை. சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் போகவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் நிலவேம்புக் குடிநீர் வந்து உட்கார்ந்தது.

நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒன்பது சரக்கு இருக்கிறது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். டெங்கு சமயத்தில் அரசே மருத்துவமனைகளில் கொடுத்தது. பிறகு கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றங்களும் தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றினார்கள். 2020-இல் அந்த இடம் பதினைந்து சரக்கு சேர்ந்த கபசுரக் குடிநீருக்குப் போனது. அதுவரை சித்தா என்ற பேச்சே இல்லாத அபார்ட்மென்ட்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் கஷாயம் காய்ச்சும் முறை சுற்றியது. ஆய்வில் நகரத்தின் எண் மேலே போனதில் இதற்குப் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

அரசு முத்திரையை நாம் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சென்னையில் சித்த மருத்துவம் ஒளிந்து நடக்கும் சமாசாரம் இல்லை. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை 1970-இலிருந்து இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. திருவான்மியூரில் இம்ப்காப்ஸ் என்ற கூட்டுறவு நிறுவனம் 1944-இலிருந்து மருந்து செய்கிறது. சித்த மருத்துவர் ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆகவே இங்கே சித்தாவைத் தேடிப் போகிறவர், தான் அறிவியலை விட்டு விலகிப் போவதாக நினைப்பதில்லை. ஒரு அரசு கட்டடத்திலிருந்து இன்னொரு அரசு கட்டடத்துக்குப் போகிறார், அவ்வளவுதான்.

(திரையில்: புறநோயாளிகள் வரிசை)

அங்கே வரிசையில் நிற்பவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். மூட்டுவலி, சொரியாசிஸ், மூலம், சைனஸ், மாதவிடாய்க் கோளாறு. எல்லாம் இழுத்துக்கொண்டே போகிற நோய்கள். வேறு இடங்களில் சுற்றி, செலவழித்து, "வாழ்க்கை முழுக்க மாத்திரை" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் வெட்பாலைத் தைலம் பார்க்கவே அழகாக இருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறும்.

இன்னொரு காரணம், பேச்சு. "டாக்டர், உடம்பெல்லாம் ஒரே சூடு" என்று சொன்னால் எம்பிபிஎஸ் மருத்துவர் தெர்மாமீட்டரை எடுப்பார். 98.6 காட்டும். பேச்சு அங்கேயே முடிந்தது. சித்த மருத்துவர் தூக்கம் எப்படி, மலம் எப்படி, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஆரம்பிப்பார். நோயாளிக்கு அந்தக் கேள்விகளே பாதி நிம்மதி. அதற்காக அந்த நிம்மதியை மருந்தின் வெற்றி என்று எண்ணிவிடவும் கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு மஞ்சள் காமாலையை விட நல்ல உதாரணம் கிடையாது. கீழாநெல்லி சாப்பிட்டால் காமாலை போகும் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரும்பாலும் போய்விடவும் செய்கிறது. ஏனென்றால் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, அதாவது அசுத்தத் தண்ணீரால் வரும் கல்லீரல் தொற்று, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும் நோய். அந்தச் சமயத்தில் யார் கை மருந்து கொடுத்ததோ, பெயர் அந்தக் கைக்கு.

கீழாநெல்லியை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேருக்கு முப்பது நாள் கீழாநெல்லி. 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு யாரும் ஹெபடைடிஸ் பி-க்கு அதை நம்பி உட்கார முடியாது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது. காமாலை பித்தப்பைக் கல்லாலும் வரும், புற்றுநோயாலும் வரும். எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் கீழாநெல்லியை அரைப்பதுதான் ஆபத்து.

போதாததற்கு, சந்தையில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்பதில் அந்தக் குடும்பத்துச் செடிகள் பல கலந்திருக்கின்றன. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. காய்ந்து நொறுங்கிய பிறகு பார்வையில் பிரிப்பது கஷ்டம்.

சரி, "பக்க விளைவு கிடையாது" என்ற பேச்சுக்கு வருவோம். நகரத்தில் நாட்டு மருந்துக்கு ஆள் சேர்ப்பது இந்த ஒரு வரிதான். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள். இன்று இருமல் சிரப்பில் இருக்கும் அம்ப்ராக்சால் அதன் வாரிசு. திருநெல்வேலிப் பக்கம் விளையும் நிலவாகையிலிருந்து மலச்சிக்கல் மாத்திரை வருகிறது. செடி உடம்பில் வேலை செய்கிறது என்றால், தேவையில்லாத வேலையையும் செய்யும். நல்லதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதிமதுரம் தொண்டைக்கு இதம். அதையே அளவுக்கு மீறித் தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இது விளையாட்டில்லை. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி என்று எல்லாவற்றையும் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஆடுதின்னாப்பாளை சேர்ந்த தாவரக் குலத்தில் சிறுநீரகத்தைக் கெடுத்து, புற்றுநோயையும் வரவழைக்கும் ஓர் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்கு சிறுநீரகம் செயலிழந்தது. வேறொரு மூலிகைக்குப் பதிலாக அந்தக் குலத்துச் செடி ஒன்று கலந்து வந்ததுதான் காரணம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2020-இல் மும்பையில் சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சரி, வேறு கொடி என்றே வைத்துக்கொள்வோம். பொட்டலம் வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? கோளாறு அங்கே வருகிறது. இரண்டு பக்க மருத்துவருக்கும் மற்றவர் கொடுத்தது தெரிவதில்லை. திட்டுவார் என்ற பயத்தில் இங்கிலீஷ் மருத்துவரிடம் சூரணத்தைச் சொல்வதில்லை. "அதெல்லாம் மருந்தா, சும்மா பொடிதானே" என்றும் நினைப்பு. கல்லீரல் எண்கள் ஏறியிருக்கின்றன என்று அவர் மாத்திரையை மாற்றுவார். நோயாளி பொடியைத் தொடர்வார். ஆகவே ஆபரேஷனுக்கு முன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும்போது, கர்ப்பமாக இருக்கும்போது, டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

(திரையில்: லேபிள், நெருக்கத்தில்)

டப்பா என்று சொன்னதும் லேபிள். தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா பாருங்கள். எட்டி, சேராங்கொட்டை, பாதரசம் போன்ற நஞ்சுச் சரக்குகளுக்கு மருந்துச் சட்ட விதிகளில் இ-1 என்ற தனிப் பட்டியலே உண்டு. உள்ளே குடிக்கும் மருந்தில் அவை சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். விதி கேட்பது அந்த வரியை ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருந்து வாங்கும் தமிழ்க் கிழவிக்கு அதனால் என்ன பயன் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சாப்பிட்ட பிறகு அரிப்பு, வாந்தி, கண் மஞ்சள் என்று ஏதாவது வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதோடு புகாரும் கொடுக்கலாம். ஆயுஷ் மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யவே ஒரு தேசியத் திட்டம் 2018-இலிருந்து நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம்.