ஒரு கை பிள்ளைக்கு, ஒரு கை பைக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, பாதிப் பேர் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பீர்கள் என்று தெரியும். உரியுங்கள், கேட்டுக்கொண்டே உரியுங்கள்.

இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி போனில் கூப்பிட்டு, "ஆயா, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். நாப்பி பேக், கைக்குழந்தைக்கு வேண்டிய நாப்பி, பால் எல்லாம் போட்டுத் தூக்குகிற பை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பன்னிரண்டு நிமிஷமும் அதுதானா?" என்றார். இருபத்து நாலு நிமிஷம் கொடுத்தாலும் போதாது தம்பி என்றேன். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் யார் என்று ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டர்பனில் ஒரு துணி ஆலையில் பத்தொன்பது வருஷம் மெஷின் மிதித்தவள். கால்சட்டைக்கு ஜிப் வைப்பது என் வேலை. 1990களில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிய ஆரம்பித்ததும் இங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, எங்கள் ஆலையும் மூடியது. அதன்பிறகு வீட்டில் இருந்தபடியே பை தைத்தேன். அக்கம்பக்கத்தில் யார் முழுகாமல் இருந்தாலும் அவளுக்கு ஒரு நாப்பி பேக் என் மெஷினில்தான் தைத்தது. இப்போது கண் சரியில்லை, தைப்பதில்லை. அதனால் எதையும் விற்க வரவில்லை, நம்பிக் கேளுங்கள்.

என் அம்மா பிள்ளை பெற்றது மேகசின் பாரக்ஸில். நகராட்சித் தொழிலாளிகள் குடியிருந்த இடம், தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. அறுபதுகளில் எல்லாரையும் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அம்மாவிடம் பை ஏது? பழைய வேட்டியை நாலாகக் கிழித்து, ஒரு சால்வையில் முடிந்தால் அதுதான் மூட்டை. நாப்பி பேக்குக்குத் தமிழில் என்ன பேர் என்று என் பேத்தி கேட்டாள். மூட்டைதான் என்றேன். சிரித்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த மூட்டையை அம்மா ஒரே கையால் அவிழ்ப்பாள். பல்லால் ஒரு நுனி, விரலால் ஒரு நுனி. முடிந்தது வேலை. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே அவ்வளவுதான்: ஒரு கையால் திறக்க முடியாத பையை வாங்காதீர்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? முதலில் சர்க்கரை இருக்கும் பக்கம் போங்கள். இரண்டரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட் ஒன்றை எடுத்து இடது தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை கிட்டத்தட்ட அவ்வளவு, இல்லையென்றால் அரைக் கிலோ கூடுதல். அப்படியே போய்ப் பையைத் திறங்கள். ஜிப் ஓடுகிறதா, இல்லை பையும் கூடவே இழுபட்டு வருகிறதா? உள்ளே கை விட்டால் அடியில் கிடக்கும் டம்மி, பிள்ளை வாயில் வைத்துச் சப்புகிற ரப்பர், கண்ணுக்குத் தெரிகிறதா? இப்போது மூடுங்கள். திறப்பதைவிட மூடுவதுதான் கஷ்டம். கடைக்காரப் பெண் உங்களை ஒரு மாதிரி பார்ப்பாள். பார்க்கட்டும். என் பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் செய்தாள், சர்க்கரைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தச் சர்க்கரைப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். அது ஒரு டாக்ஸி கதை.

என் மகளுக்கு முதல் பிள்ளை. அந்தப் பேரன் இப்போது மெட்ரிக் எழுதப் போகிறான், பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். பிரசவத்துக்கு முன்னால் அவளுடைய கூட்டாளிகள் ஸ்டார்க் பார்ட்டி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிற விருந்து, வைத்து, எல்லாரும் காசு போட்டு ஒரு பை வாங்கித் தந்தார்கள். கிரீம் நிறம், தோல் மாதிரி பளபளப்பு. மேலே ஒரு மடிப்பு, மடிப்புக்கு இரண்டு பக்கிள், பக்கிளுக்கு அடியில் தங்க நிற ஜிப். நான் தைத்த பை வீட்டில் தொங்குகிறது. ஆனால் ஊரார் கொடுத்தது அழகு, என்ன செய்ய? நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, ஒன்றிரண்டு சொன்னேன்.

ஆறாவது வாரம் ஊசி போட கிளினிக். இங்கே பிறந்த அன்று போடுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம், அப்புறம் ஆறு மாதம், ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு என்று ஏழு தடவை போக வேண்டும். ஏழு தடவையும் வரிசை, ஏழு தடவையும் இந்தப் பை. திரும்பி வரும்போது மினிபஸ் டாக்ஸி. பின்வரிசையில் ஒரு இடம், நடுவரிசையில் ஒரு இடம். அவளை நடுவில் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் போனேன். ஹிகின்சன் ஹைவேயில் வண்டி வேகம் எடுக்கிறது, பிள்ளை வீறிடுகிறான், கூடவே வாசனையும் வருகிறது. அதே நேரத்தில் முன்னாலிருந்து கட்டணத்துக்குக் கை நீள்கிறது. மகள் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முதல் பக்கிளைக் கழற்றினாள். இரண்டாவது பக்கிள் வரவில்லை. முழங்காலால் பையை அழுத்திக்கொண்டு இழுத்தாள். ஜிப் பாதி தூரம் ஓடி, வாயைப் பிளந்தது. பை கவிழ்ந்தது.

எல்லாம் போயிற்று. நாப்பி, வைப்ஸ், பம் க்ரீம், டம்மி எல்லாம் சீட்டுக்கு அடியில். பால்மா டப்பா மூடி கழன்று, பக்கத்தில் கறுப்புக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மடியில் அபிஷேகம். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுந்திருக்கவும் முடியவில்லை. அந்தப் பெரியவர் தன் மடியைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "பரவாயில்லை அம்மா, கோவிலுக்குத்தான் போகிறேன், திருநீறு என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றார். நல்லா இருக்கட்டும் அவர்.

அடுத்த சீட்டில் ஒரு ஜூலு பாட்டி. கோகோ என்றுதானே கூப்பிடுவோம். "லேத்தா" என்று கையை நீட்டி, பிள்ளையை வாங்கிக்கொண்டு, தன் டவலை மடியில் விரித்துப் படுக்கப் போட்டு நாப்பியைக் கழற்றிவிட்டாள். வண்டி குலுங்குகிறது, அவள் கை குலுங்கவில்லை. இறங்கும்போது அதே டவலால் பிள்ளையை என் மகள் முதுகில் கட்டிக் காட்டினாள். இரண்டு கையும் காலி பார் என்று சைகை செய்தாள். அந்த டவலைவிட நல்ல நாப்பி பேக்கை நான் இதுவரை தைத்ததில்லை. டவலையும் திருப்பி வாங்கவில்லை, இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கடைசியில் மனம் நொந்தது எதனால் தெரியுமா? ரோட் டு ஹெல்த் அட்டை, பிள்ளைக்குப் போட்ட ஊசியை எல்லாம் குறித்து வைக்கிற அட்டை. அப்போது அட்டை, இப்போது புத்தகம். மகள் அதைத் தண்ணீர் பாட்டிலோடு பையின் ஒரே அறையில் வைத்திருந்தாள், மூடி கசிந்து, அன்றைக்குப் போட்ட ஊசியின் தேதி நீலக் கறையாகிவிட்டது. பின்னால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஊசி போட்டதற்குச் சான்று கேட்பார்கள். ஆகவே அந்தப் புத்தகத்துக்கு என்று தனியாக, நனையாத, மடங்காத ஓர் அறை. பையில் அது இல்லையென்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போதும்.

இப்போது ஜிப். தம்பி சிரிக்கிறார், எனக்குப் பிடித்த இடம் வந்துவிட்டது என்று.

ஜிப் வாய் பிளந்தால் எல்லாரும் பல் போய்விட்டது என்கிறார்கள். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும், தேய்ந்தது ரன்னர். மேலும் கீழும் ஓடுகிறதே, அந்த உலோகத் துண்டு. தேயத் தேய அதன் இரண்டு உதடும் விலகி, பல்லைச் சேர்த்து அமுக்க முடியாமல் போகிறது. சின்னக் குறடு எடுத்து ரன்னரின் இரண்டு பக்கமும் மெல்ல, மெல்ல என்றால் மெல்ல, ஒரு அழுத்து. பாதிப் பைகள் பிழைத்துவிடும். நைலான் சுருள் ஜிப்பில் நடுவில் பிளந்தால்கூட ரன்னரைக் கடைசி வரை இழுத்துவிட்டுத் திருப்பினால் சேர்ந்துகொள்ளும். உலோகப் பல் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். அதுவும் நம் டர்பனில், கடல் காற்றில், மட்டமான உலோக ஜிப் பச்சை பிடித்து இறுகிப்போகும். நைலான் சுருள்தான் நமக்கு. அகலமும் பாருங்கள். ஐந்தாம் நம்பர் என்றால் மூடிய பல் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர், பெரிய வாய்க்கு எட்டாம் நம்பர் இருந்தால் நல்லது. ரன்னர் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, எந்தப் பக்கம் கை போகிறதோ அந்தப் பக்கம் திறக்கலாம். ஜிப்பின் வால் நீளமாக, விரல் நுழைகிற வளையமாக இருக்கட்டும். க்ரீம் பூசின விரலால் சின்ன வாலைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அந்தத் தோல் மாதிரி துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் துணிமேல் பூசிய பாலியூரிதேன். நம் ஊர் ஈரக்காற்று அந்தப் பூச்சை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் தோல் உரிந்து, துகள் துகளாக பிள்ளை கையில் ஒட்டும். என் மகளுடைய பை அப்படித்தான் போனது. சாதாரணப் பாலியெஸ்டர், 600 டெனியர் என்று போட்டிருப்பது, பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் உழைக்கும். உள்துணி வெளிர் நிறமாக, துடைத்தால் போகிறதாக. கறுப்பு உள்துணி வைத்த பையில் டம்மி தேடுவது கிணற்றில் ஊசி தேடுவது.

தோள்பட்டை நாடா பையோடு சேருகிற இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தைத்திருக்க வேண்டும். ஒரே கோடாகத் தைத்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நிரம்பிய பை எவ்வளவு கனக்கும் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் பாட்டிலே அரைக் கிலோ. வெறும் பை ஒரு கிலோவைத் தாண்டினால் வேண்டாம். இங்கே தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலான பிரசவம் அறுவைதான். ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிடக் கனமானதைத் தூக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள், வாசலில் பிள்ளையைவிடக் கனமான பை நிற்கிறது. அதைத் தூக்க வேண்டியது அப்பா. அதனால் அப்பாவையும் கடைக்குக் கூட்டிப் போங்கள், அவர் தோளிலும் மாட்டிப் பாருங்கள். முதுகில் மாட்டுகிற பை என்றால் இரண்டு பேருக்கும் பொருந்தும். பூப்போட்ட பையைத் தூக்க வெட்கப்படுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறதோ, காவடி தூக்குகிற தோள்தானே அது?

பால். தெர்மல் பாக்கெட் இருக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். உள்ளே ஐஸ் பேக் இல்லையென்றால் அது வெறும் பாக்கெட். எடுத்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும், ஐஸ் பேக்கோடு என்றால் ஒரு நாள். பிப்ரவரி மாதக் கோடையில் டர்பன் 25 டிகிரியிலா இருக்கிறது? பால்மா என்றால் கலந்து எடுத்துப் போகாதீர்கள். மாவு தனி, வெந்நீர் ஃபிளாஸ்க்கில் தனி. தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போது கலந்து, ஆற்றி, கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் கொட்டிவிடுங்கள், மனசு வராது, இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஆக, ஃபிளாஸ்க் நிமிர்ந்து நிற்கிற வெளிப்பாக்கெட் வேண்டும். உள்ளே படுக்கப் போட்டால் என்ன ஆகும் என்று டாக்ஸியில் பார்த்தோமே.

தம்பி மூன்று விரல் காட்டுகிறார். மூன்று நிமிஷமா, மூன்று வாக்கியமா தெரியவில்லை.

சரி, வேகமாக. பையைத் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். பிள்ளையை வெளியே எடுத்த அடுத்த நொடி வண்டி பின்னால் சாயும், பிள்ளை இருக்கும்போதே சாய்ந்ததும் உண்டு. அழுக்கு நாப்பிக்குக் கடை பிளாஸ்டிக் பை சுருட்டி வைப்போமே, அதைப் பிள்ளை கைக்கு எட்டாத அறையில் வையுங்கள், முகத்தில் இழுத்துக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும். உங்கள் மாத்திரைகளையும் அந்தப் பையில் போடாதீர்கள், தவழ ஆரம்பித்ததும் முதலில் கிளறுவது அதைத்தான். நாப்பி மாற்றும்போது பிள்ளையைப் படுக்க வைக்க விரிப்பு ஒன்று கட்டாயம். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்துத்தான் மாற்ற வேண்டும். எத்தனை நாப்பி என்று கேட்பீர்கள். வெளியே இருக்கப்போகிற இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, மேலே இரண்டு. பிள்ளைக்கு மாற்று உடுப்பு எல்லாரும் வைப்பார்கள். அம்மாவுக்கு ஒரு மாற்றுச் சட்டை வைப்பவர்கள் குறைவு, வையுங்கள்.

பூஞ்சையைப் பற்றித் தனியாக ஐந்து நிமிஷம் பேச எழுதிக்கொண்டு வந்தேன், தாள் கையில் அப்படியே இருக்கிறது. ஒரு வாக்கியம் மட்டும்: வாரம் ஒரு தடவை பையைக் காலி செய்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெயிலில் போடுங்கள், ஈரத்தோடு அலமாரிக்குள் வைக்காதீர்கள். திருப்ப முடியாத பை என்றால், ஐயோ, அதைக் கடையிலேயே பார்த்திருக்க... விளக்கு சிவப்பாகிவிட்டது. வருகிறேன், வணக்கம்.