நேரம் எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்றதுமே, "பேட்டரி போயிடுச்சு, மாத்து" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். எவ்வளவு தப்பு என்று பாருங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும்.

உள்ளே இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று மதர்போர்டில் இருக்கிற ஆர்டிசி. மெஷின் அணைந்திருந்தாலும் அது நிற்காது. இன்னொன்று, லினக்ஸோ விண்டோஸோ தானே நடத்துகிற சிஸ்டம் கடிகாரம். பூட் ஆகும்போது ஆர்டிசியிடம் நேரத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் தன் போக்கில் எண்ணிக்கொண்டு போகும். அதனால் ரீஸ்டார்ட்டில் வருகிற கோளாறென்றால் நான் முதலில் ஆர்டிசியைத்தான் சந்தேகப்படுவேன்.

தேதியே பல வருஷம் பின்னால் போயிருக்கிறதா? அப்போது பேட்டரிதான். இதோ, கரண்ட் வயரை உருவிவிட்டு கேபினெட்டைத் திறந்திருக்கிறேன். வெள்ளிக் காசு போல இருக்கிறதே, இதுதான் சிஆர்2032. ஓரத்திலுள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் துள்ளிக்கொண்டு வெளியே வரும். மல்டிமீட்டரில் வைக்கிறேன்... 2.4 வோல்ட். புதியதென்றால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். இது முடிந்த கதை. பிளஸ் குறி மேலே தெரியும்படி புதிதைப் போட்டு அழுத்துங்கள், அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை மின்சாரமே ஆர்டிசியை ஓட்டிவிடும். எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பேட்டரி செத்தது தெரியாது. பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதற்கப்புறம் பிரௌசரும், தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அடம்பிடிக்கும்.

தேதி சரி, ஆனால் உங்கள் ஊர் நேரத்துக்கும் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ சரியாக அவ்வளவு தள்ளியிருக்கிறது என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் வைத்திருப்பீர்கள். விண்டோஸ் ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யூடிசி என்று நினைத்து வாசிக்கும். லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வழி இருக்கிறது, ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். கோடைகால நேர மாற்றம் உள்ள ஊரில் அது தலைவலி. விண்டோஸின் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்ஈஸ்யூனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கி, அதையும் யூடிசிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது, தினமும் ஓரிரு விநாடி நழுவுகிற கேஸ். இது பழுதே இல்லை. ஆர்டிசிக்குள் இருக்கிற குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதில் பத்து லட்சத்துக்கு 20 பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். சூடு கூடினாலும் குறைந்தாலும் படிகம் மெதுவாகும். இதற்கு, நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்கிற என்டிபிதான் மருந்து. 1985-இல் டேவிட் மில்ஸ் வடிவமைத்த நெறிமுறை, இன்றும் அதன் புதிய வடிவம்தான் ஓடுகிறது. லினக்ஸில் அதற்கு நான் குரோனி என்ற நிரலைப் போடுவேன். உங்கள் மெஷின் எவ்வளவு நழுவுகிறது என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பூட்டிலும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கும். அதன் அமைப்பில் 'ஆர்டிசிசிங்க்' வரி இருந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தை ஆர்டிசியிலும் எழுதிவிடும். அந்த வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஸ்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அதில் மாடல் 4 வரை ஆர்டிசியே கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாகப் போட வேண்டும். ஆர்டிசி இல்லாத போர்டில் 'ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக்' என்ற நிரல், அணைக்கும்போது நேரத்தைக் கோப்பில் போட்டு வைக்கும். அடுத்த பூட்டில் அங்கிருந்தே தொடரும், நடுவில் போன நேரம் போனதுதான். நெட் இல்லாத இடத்தில் வைக்கிறீர்களென்றால் டிஎஸ்3231 என்ற ஆர்டிசி மாட்யூல் வாங்கிப் போடுங்கள். வெப்பநிலையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் பெரிது. நான்கே வயர்தான். மாட்டிய பிறகு அந்த ஃபேக் நிரலை மறக்காமல் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டில் இரண்டும் மோதிக்கொள்ளும்.