கல்லாப்பெட்டிச் சாவி பிள்ளைகளிடமே இருக்கட்டும்

(அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழில்முனைவும் வேலைத்திறனும் பழக்க முன்வந்த தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வங்கியில் இருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், ஓய்வுபெற்ற கணக்காளர்கள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். முதலிலேயே ஒரு வேண்டுகோள். வகுப்பறைக்குப் போய் "கனவு காணுங்கள், சாதித்துக் காட்டுங்கள்" என்று பேசாதீர்கள். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் ஆண்டுவிழாதோறும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஒரு பொருளுக்கு அடக்கவிலை போடுவது, முன்பின் தெரியாத கடைக்காரருக்குப் போன் செய்து விலை கேட்பது, இதையெல்லாம்தான் யாரும் பழக்குவதில்லை.

ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றும் நமக்குப் போதும். பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு வகுப்புகள், அந்தப் பக்கம் போக வேண்டாம். ஜூலையில் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்குள் எட்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். அக்டோபரில் ஆரம்பித்தால் தீபாவளி, மழை விடுமுறை, அரையாண்டு என்று பாதியில் நின்றுவிடும். வாரம் ஒருநாள், அடுத்தடுத்த இரண்டு பாடவேளை கேட்டு வாங்குங்கள். ஒரு பாடவேளை என்றால் பெஞ்சை நகர்த்தி உட்காருவதற்குள் மணி அடித்துவிடும். தலைமையாசிரியரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டப் பணிகளைப் பார்க்கும் ஆசிரியர் பள்ளியில் இருந்தால், அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து விற்க வேண்டும். குழுவுக்கு ஆறு பேர். பத்துப் பேர் போட்டால் நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேலை பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கணக்கு நோட்டைப் பெண்பிள்ளையிடம் தள்ளிவிட்டு, பையன்கள் கடைவீதிக்குக் கிளம்பிவிடுவார்கள். வாரம் ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள்.

முதலீடு எங்கிருந்து வரும்? டெல்லி அரசு 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய 'ஜூனியர் அச்சீவ்மென்ட்' அமைப்பின் வழி வேறு. பிள்ளைகள் ஒரு சிறு கம்பெனி தொடங்கி, பங்கு விற்று, பொருள் செய்து, கடைசியில் கணக்கு முடித்துக் கம்பெனியைக் கலைப்பார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. பங்கு ஒன்றுக்குக் கேட்டு வாங்கிய 20 ரூபாய்க்கு ஆயிரம் கேள்வி வரும், பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒருவருக்கு ஐந்து பங்குக்கு மேல் கொடுக்கக்கூடாது. இல்லையென்றால் வசதியுள்ள ஒரு அப்பா மொத்தத்தையும் வாங்கிவிடுவார்.

இனி அடக்கவிலை. துணிப்பை என்று வைத்துக்கொள்வோம். 36 அங்குல அகலக் காடாத் துணி, மீட்டர் 60 ரூபாய். 15 அங்குல அகலம், 34 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினால், ஓரத்தில் மிஞ்சும் 6 அங்குலப் பட்டையில் இரண்டு பைக்கும் காது, அதாவது கைப்பிடி, வந்துவிடும். ஆக மீட்டருக்கு இரண்டு பை. பிள்ளைகள் போடும் கணக்கு இதுதான்: துணி 30, தையல்கூலி 10, அடக்கம் 40, விலை 50, பைக்குப் பத்து ரூபாய் லாபம், 50 பைக்கு 500. கரும்பலகையில் அப்படியே எழுத விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

பிறகு ரசீதுகளை எடுக்கச் சொல்லுங்கள். 25 மீட்டர் துணி 1,500. தையல் 500. நூலும் லேபிளும் 60. பஸ், ஆட்டோ 140. மொத்தம் 2,200. அதாவது 110 பங்கு. பை ஒன்றுக்கு 44 ஆகிவிட்டது. நான்கு பையில் காது கோணல், அவை விற்காது. மீதி 46 பையும் விற்றால் கைக்கு வருவது 2,300. லாபம் 100 ரூபாய், பங்குக்கு 91 காசு. "சரி, உங்கள் ஆறு பேர் உழைப்புக்குக் கூலி எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஒரு குழு விலையை 60 ஆக்கும், இன்னொன்று தையல்காரரிடம் பேரம் பேசும், வேறொன்று பையையே விட்டுவிட்டு நோட்டு பைண்டிங் செய்யலாம் என்னும். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஓட்டை, கடன். ஆசிரியர்கள் "அப்புறம் தருகிறேன்" என்று பையை எடுத்துப் போவார்கள், பிள்ளைகளுக்குக் கேட்கக் கூச்சம். கடன் கொடுத்ததைக் கைக்கு வந்த பணமாக எழுதாமல், வரவேண்டியது என்று தனிப் பக்கத்தில் எழுத வையுங்கள். வசூலிக்கப் போவதும் பாடம்தான்.

விற்காமல் கிடக்கும் பைகளைத் தயவுசெய்து நீங்கள் வாங்காதீர்கள். தன்னார்வலர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முகம் வாடுகிறதே என்று பணத்தை நீட்டினால், "சார் பார்த்துக்கொள்வார்" என்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள். நட்டம் வந்தால் பங்குதாரருக்குக் குறைத்தே திருப்பித் தரட்டும், காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்.

தின்பண்டம் வேண்டாம். சிறிய அளவில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவைப்படும். அதோடு ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால் அடுத்த ஆண்டு பள்ளிக் கதவு திறக்காது. கடைக்காரர் கடனுக்குச் சரக்குத் தருகிறேன் என்றாலும் மறுத்துவிடச் சொல்லுங்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். தகராறு வந்தால் பள்ளியின் தலையில் விடியும்.

வேலைத்திறனுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். போனில் பெயர், ஊர், எதற்காக அழைக்கிறோம், "இப்போது பேசலாமா?" இந்த நான்கையும் அரை நிமிடத்துக்குள் சொல்லப் பழக்குங்கள். எதிர்முனையில் நீங்களே எரிச்சலான கடைக்காரராக நடியுங்கள். அடுத்து, சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளமே 15,000 என்று கொண்டால், வருங்கால வைப்புநிதிக்கு 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், முழுதாக்கினால் 113. கைக்கு 13,087. பிடித்த பணம் எங்கே போகிறது, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் யாரெல்லாம் சிகிச்சை பெறலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் எவரும் வேலை தரப்போவதில்லை என்பதையும் சேர்த்து.

கடைசியாக, விட்டுக்கொடுக்க முடியாதவை. எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், செய்தி எல்லாம் பொறுப்பாசிரியர் வழியே போகட்டும். படம் எடுத்து வலையில் போடாதீர்கள். ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொன்னால் நீங்களே விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரியவந்த ஒவ்வொருவரின் கடமை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

படிவம் பின்வரிசையில் இருக்கிறது. எட்டு வாரமும் வர முடியாதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள், அந்தக் குழுவுக்கு வேறொருவரைப் பார்த்துவிடலாம். நான்காம் வாரத்தில் ஆள் நின்றுபோனால், வாங்கிய துணியோடு ஆறு பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள்.