மூணு விசிலுக்குள் ஒரு பத்தி

எல்லாருக்கும் வணக்கமுங்க. முன்வரிசையில் பெரியவர்கள் இருக்கிறீர்கள். பின்வரிசையில், முறுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முறுக்கு தீர்வதற்குள் முடித்துவிடுகிறேன்.

வீட்டையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டுத்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். பெரிய எழுத்தாளர்களைக் கேட்டால் விடியற்காலை, தனியறை, மலைக்காற்று என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் அரிசியும் பருப்பும்.

சிரிக்காதீர்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்திருக்கிற ஓரிருவருக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, மஞ்சள்தூள் கொஞ்சம் சேர்த்து (ஈரோட்டில் நின்றுகொண்டு மஞ்சளைக் 'கொஞ்சம்' என்று சொல்லக்கூடாதுதான், 2019இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது) குக்கரை மூடினால் வேலை முடிந்தது. மூணு விசில். அப்புறம் ஆவி அடங்க வேண்டும். அந்த நேரம் முழுக்க என்னுடையது. அடுப்பு மேடையிலேயே நோட்டை விரித்து ஒரு பத்தி எழுதிவிடுவேன். இறக்கி, மேலே நெய் ஊற்றி, ஒரு கிண்ணம் தயிரை வைத்துவிட்டால் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தினமும் குழம்பு, ரசம், இரண்டு பொரியல் என்று வைக்கிற வீடுகளில் எப்படித்தான் நாவல் எழுதுகிறார்களோ!

இந்த ரகசியத்தை வெளியில் போட்டு உடைத்தது என் மகள். அஞ்சாவது படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது எழுதியது இவ்வளவுதான்: 'என் அம்மா கதை எழுதுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும். என் அம்மா நிறையக் கதை எழுதியிருக்கிறார்.'

மூன்றே வாக்கியம். அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கவனித்தீர்களா? குறை என்று ஒரு சொல் இல்லை, கோபம் இல்லை, கேட்கிறவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. நான் மூன்று பக்கம் எழுதினாலும் இது வராது. டீச்சர் சிவப்பு மையில், 'பத்து வரிக்குக் குறையாமல் எழுதவும்' என்று போட்டு அனுப்பினார். அம்மிணி மீதி ஏழு வரியையும் அப்புச்சி (என் அப்பா) வீட்டுப் பட்டியில் இருக்கிற வெள்ளாட்டைப் பற்றி எழுதி நிரப்பிவிட்டது. முழு மார்க். வெள்ளாட்டுக்கு ஏழு வரி, எனக்கு மூன்று. நியாயமான பங்கீடுதான், வெள்ளாடு யாரையும் சத்தம் போடாது.

பையன் வேறு ரகம். எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் வீல் என்று கத்திக்கொண்டு முழித்துக்கொள்ளும். ஊரே அமைதியாக இருக்கிறது, நல்லா எழுதலாம் என்று பேனாவை எடுத்தால், தொட்டிலில் இருப்பவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். ஆகவே எனக்கு அமைதி என்றாலே இன்றைக்கும் கொஞ்சம் பயம்.

அமைதியான குடும்பத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' எழுதினார். கொங்கு மண்ணிலிருந்து வந்த முதல் பெரிய நாவல்களில் ஒன்று. கதை என்ன? புருசனை இழந்த ஒருத்தி புகுந்த வீட்டில் நிலத்தில் பங்கு கேட்கிறாள். ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஒரு வீடு, ஒரு பங்குத் தகராறு. நம் வீடுகளில் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், கூடினால் நடப்பதுதான். அதனால் எங்கள் வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் நான் சமாதானத்துக்குப் போவதில்லை. நோட்டைத் தேடப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்த பிறகு சண்டையே மெதுவான குரலில்தான் போடுகிறார். தொழில் படுத்துவிட்டது.

எழுதுவதைவிடச் சிரமம், எழுதினதை வீட்டில் படிப்பது. எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கண் சரியாகத் தெரியாது, பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருமுறை என் கதையில் ஒரு மாமியார் வந்தாள். கொஞ்சம் கடுசான மாமியார். மகள் சத்தமாக வாசிக்கிறது, நான் உள்ளே ஏற்கெனவே கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருக்கிறேன். கேட்டு முடித்துவிட்டு அத்தை சொன்னார்: "இந்த மாதிரி மாமியாக்காரிகளும் ஊருக்குள்ள இருக்கத்தாஞ் செய்யறாளுக. அந்தப் பொண்ணு பாவம்."

சரி, தப்பித்தோம் என்று இருந்தால், பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு சின்ன மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். எழுதும்போது அவர் நினைப்பே எனக்கு இல்லை. வந்து உட்கார்ந்து, தண்ணி குடித்துவிட்டு, "என்னையப் பத்தி எழுதிப்போட்டயாமா கண்ணு?" என்றார். இல்லைங்க, அது கற்பனைங்க என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. கோபமும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. கதையில் அந்த மாமியார் மூன்று பவுன் சங்கிலி போட்டிருப்பாள்.

"எழுதறதுதான் எழுதறே, அஞ்சு பவுனுன்னு போட்டா உனக்கென்ன கொறஞ்சா போயிரும்?"

புத்தகமாக வரும்போது அஞ்சு ஆக்கிவிட்டேன். இப்போது தங்கம் விற்கிற விலைக்கு அதற்கு மேல் என் கதை தாங்காது என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.