டிஸ்டிங்க்ட் போட்டும் நகல் வரிகள் போகவில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு இடங்களிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து ஒரே டேபிளில் சேர்க்கிறேன். எஸ்கியூஎல் வினவலில் டிஸ்டிங்க்ட் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வருகிறார். எப்படி நீக்குவது?"

டிஸ்டிங்க்ட் (DISTINCT) என்பது நகல் வரிகளை, அதாவது டேபிளில் ஒரே மாதிரி இருக்கும் ரோக்களை, ஒருமுறை மட்டும் காட்டும்படி தரவுத்தளத்திடம் சொல்லும் சொல். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நீங்கள் எடுக்கும் நெடுவரிசைகள் அத்தனையும் ஒத்துப்போனால்தான் அது இரண்டு வரிகளை ஒன்றாக்கும். ஏற்றிய நேரம் என்று ஒரு நெடுவரிசை வைத்திருப்பீர்கள். அது ஒரு நொடி மாறினாலும் வேறு வரிதான். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குக் காது புளித்திருக்கும், இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன்: எவையெவை ஒத்திருந்தால் 'இவர் அதே ஆள்' என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதுதான் சாவி. அந்தத் தரவை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்காமல் அதை முடிவு செய்யாதீர்கள்.

சாவி கிடைத்ததும், ஒரே சாவி உள்ள வரிகளைக் குழுவாக்கும் குரூப் பை (GROUP BY) போட்டு, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுத்துக் கண்ணால் பாருங்கள். நீக்குவதற்கு, குழுவுக்குள் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்கும் ரோ நம்பர் (ROW_NUMBER) போதும்: குழு பிரிக்கும் பார்ட்டிஷன் பையில் (PARTITION BY) சாவியைக் கொடுத்து, கடைசியாகத் திருத்திய தேதியை இறங்குவரிசையில் வைத்து, முதல் எண் பெற்ற வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் ஒன்றாக இருந்தால் எந்த வரி முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடையாள எண்ணையும் வரிசைப்படுத்தலில் சேருங்கள்.

இங்கே ஓர் ஆபத்து. மின்னஞ்சலைச் சாவியாக வைத்தால், மின்னஞ்சல் பதிவாகாமல் 'நல்' (NULL, மதிப்பு இல்லை) என்று இருக்கும் எல்லோரையும் பார்ட்டிஷன் பை ஒரே குழுவில் போடும். அதில் ஒருவர் மட்டும் தப்புவார், மற்றவர்கள் எல்லோரும் அழிவார்கள். இந்த 'நல்' (NULL) வரிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 'கோமதி' என்ற பெயரில் உள்ள 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட் அளவில் ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒப்பிடுவதற்கு முன்பே என்எஃப்சி (NFC) முறையில், அதாவது இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறையில், சீராக்குங்கள். ஓரத்து இடைவெளிகளையும் அப்போதே வெட்டிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நகல்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு நிறுவனத்தில் விற்பனைத் தொகை கூடுதலாக வந்தது. சிலருக்கு இரண்டு முகவரிகள் இருந்ததால், முகவரி டேபிளோடு ஜாயின் செய்தபோது, அதாவது இணைத்தபோது, அவர்களுடைய ஒவ்வொரு விற்பனையும் இரண்டாகியிருந்தது. அங்கிருந்த ஒருவர் முகவரியையும் விற்பனை எண்ணையும் விட்டுவிட்டு டிஸ்டிங்க்ட் போட்டார். இப்போது தொகை குறைந்தது! ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே பொருளை உண்மையாகவே இரண்டு முறை வாங்கியிருந்தார். அதில் ஒரு விற்பனை காணாமல் போயிற்று. ஜாயினுக்கு முன்பே ஆளுக்கு ஒரு முகவரி என்று சுருக்கியிருந்தால் எதையும் நீக்க வேண்டியிருக்காது.

பாதியில் நின்ற ஜாபை, அதாவது தரவை ஏற்றும் நிரலை, மறுபடி ஓட்டுவதாலும் நகல்கள் சேரும். உங்கள் ஜாபை அதே தரவோடு சோதனைச் சூழலில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். வரிகளின் எண்ணிக்கை கூடினால், எப்போதும் புது வரியாகவே சேர்க்கும் இன்சர்ட்டுக்குப் (INSERT) பதில், சாவியை வைத்து மெர்ஜ் (MERGE) எழுதுங்கள்: சாவி ஏற்கெனவே இருந்தால் அந்த வரியைத் திருத்தும், இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும்.