படுத்தால் பாயும் பகை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கு நடுவிலும் குறித்த நேரத்திற்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து வரவேற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மனம் சோர்ந்து கிடக்கையில் ஊக்கத்தை எங்கே தேடுவது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. உடல், வேலை, உறவு என்னும் மூன்று வழிகளைச் சொல்ல வந்திருக்கிறேன். "நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்பார்கள் நம் பெரியவர்கள். ஊக்கம் வரட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவரிடம் அது வருவதில்லை. எழுந்து பத்தடி நடந்தவருக்குப் பின்னால்தான் அது வருகிறது. உடலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

வேலைக்கு வருகிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். மாணவர்கள் சூழ இருப்பதே அவருக்கு உயிர். அப்படிப்பட்டவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அங்கே என்ன இருந்தது? அலமாரிகள் இருந்தன, பேச ஆளில்லை. நாள் முழுவதும் தனிமை. சில நாட்களிலேயே மனம் நொந்து, பழைய கல்லூரிக்கே ஓடிப்போய், என்னை மறுபடியும் வகுப்பறைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். நூலகவியல் படிக்க லண்டனுக்குப் போய்விட்டு வாருங்கள், திரும்பிய பிறகும் இதே சலிப்பு இருந்தால் பார்க்கலாம் என்பதே கிடைத்த பதில். நம்மில் ஒருவராக இருந்தால் அன்றே பாயை விரித்திருப்போம். அவர் கப்பல் ஏறினார். அங்கே பொது நூலகங்களில் தொழிலாளர்களும் பெண்களும் குழந்தைகளும் வந்து உட்கார்ந்து படிப்பதைக் கண்டார். தனிமைச் சிறையாகத் தெரிந்த வேலை, ஊரையே அழைத்து உட்கார வைக்கும் வேலையாகத் தெரிந்தது! ஊர் திரும்பும் கப்பலிலேயே, அதிலிருந்த சிறு நூலகத்தை வைத்து, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் தம் புதிய பகுப்பு முறையைச் சோதித்துப் பார்த்தார் என்றால் அந்த வேகத்தை எண்ணிப் பாருங்கள். 1925இல் திரும்பியவர் வகுப்பறையைக் கேட்கவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் நிறைவேறியதற்குப் பின்னால் அவருடைய நீண்ட உழைப்பு இருக்கிறது. நடந்தால் நாடெல்லாம் உறவு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தச் சட்டத்தின் பயனாக நம் வீட்டு வரியோடு இன்றும் நூலக வரி செலுத்துகிறோம். ஆயினும் நம் ஊர்க் கிளை நூலகமோ, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. வேலை தேடி அலுத்த இளைஞனும், பிள்ளைகள் வெளியூர் போனபின் தனித்துப்போன பெரியவரும் அந்தி நேரத்தில்தான் அதிகம் சோர்கிறார்கள். அப்போது காசு கேட்காமல், ஏன் வந்தாய் என்றும் கேட்காமல் உட்கார இடம் தரும் கூரை நூலகத்தை விட்டால் எது? பாயை விட்டு எழுந்தவர் போய்ச் சேர ஓரிடம் வேண்டாமா? உறவைப் பற்றித் தனியே பேச நினைத்திருந்தேன்; நேரமாகிவிட்டதாகச் செயலாளர் குறிப்புக் காட்டுகிறார்.

நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்கள் முதல் கையெழுத்திட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அவரைத் தொடர்ந்து நீங்கள் ஒவ்வொருவரும் பெயரையும் தெருவையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வரும் திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கப் போகிறோம். நன்றி, வணக்கம்.